கோட்டையா, ஜெயிலா, ஆஸ்பத்திரியா?

ஓர் உயிரை நாலு சுவருக்குள் வைப்பது பற்றி வேலூர்க்காரர்களுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஊரிலேயே மூன்று மாதிரி இருக்கிறது. தொரப்பாடியில் மத்திய சிறை, ஊர் நடுவே சி.எம்.சி. ஆஸ்பத்திரி, அப்புறம் கோட்டைக்குள் இருக்கும் மகால்கள்.

சிறையில் இருப்பவர் ஒரு குற்றத்துக்காக இருக்கிறார், அல்லது குற்றம் செய்தார் என்று போலீஸ் சொல்வதற்காக இருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருப்பவர் தன் நன்மைக்காகவே படுத்திருக்கிறார். அங்கே எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பது டிஸ்சார்ஜ் தேதியைத்தான். மகால்கள் கதை வேறு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். செலவுக்குப் பணம் வந்தது, வேலையாட்கள் இருந்தார்கள், விசேஷங்கள் நடந்தன. 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பியபோது, முந்தின நாள்தான் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம் நடந்திருந்தது. பிறகு கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் வந்தார். 1832இல் கண்ணை மூடும்வரை கோட்டைதான் அவருக்கு உலகம். இவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை. நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானவர்களும் இல்லை. வேறு யாருக்கோ தேவைப்பட்டது என்பதற்காக, சகல வசதியோடு, வெளியே விடாமல் வைக்கப்பட்டிருந்தார்கள்.

போன காணும் பொங்கலுக்கு அக்கா குடும்பத்தோடு அமிர்தி போயிருந்தேன். வெளியூர் வாசகர்களுக்காக: வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், 1967இல் தொடங்கிய சின்ன உயிரியல் பூங்கா அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் பார்க்கும் 'ஜூ' பெரும்பாலும் அதுதான். போகும் வழியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளுக்குத் தொரப்பாடி ஜெயிலைப் பற்றிச் சொன்னேன். தப்பு பண்ணினவர்களை உள்ளே வைக்கிற இடம் என்றேன். அமிர்தியில் புள்ளிமான் அடைப்பு முன்னால் நின்றபோது அவள் கேட்டாள்: "இந்த மான் இன்னா தப்பு பண்ணுச்சு மாமா?"

பெரியவர்கள் சிரித்தோம். வேறு என்ன செய்வது? பதில் தெரியாதபோது சிரிப்பு கைகொடுக்கும். வீட்டுக்கு வந்த பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். காட்டு விலங்குகளைக் காட்சிக்கு வைக்கலாமா என்ற விவாதம் உலகம் முழுக்கப் பல வருடங்களாக நடக்கிறது. முதன்முறையாக அதற்குள் நுழைபவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். அங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. விலங்கை எப்படி வைத்திருக்கிறோம் என்பது ஒன்று. ஏன் வைத்திருக்கிறோம் என்பது இன்னொன்று. முதல் கேள்வி விலங்கு நலன் சார்ந்தது, இரண்டாவது விலங்கு உரிமை சார்ந்தது. திப்புவின் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்ததா என்பதும், அவர்களை அங்கே வைக்க ஆங்கிலேயருக்கு என்ன அதிகாரம் என்பதும் வேறு வேறு அல்லவா? முதல் கேள்விக்கு 'ஆமாம், கிடைத்தது' என்று பதில் வந்தாலும் இரண்டாவது அப்படியே நிற்கும்.

முதலில் 'எப்படி' என்பதைப் பார்ப்போம்.

1964இல் பிரிட்டனில், பண்ணைகளில் நெருக்கி அடைத்து வளர்க்கப்பட்ட ஆடு, மாடு, கோழிகளின் நிலையை ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்து வளர்ந்ததுதான் 'ஐந்து சுதந்திரங்கள்' என்ற அளவுகோல். பசி, தாகம் கூடாது. இருக்கும் இடம் உடம்பை வருத்தக் கூடாது. வலி, காயம், நோய் இருந்தால் சிகிச்சை வேண்டும். பயமும் மன உளைச்சலும் கூடாது. தன் இனத்துக்கு இயல்பானதைச் செய்ய முடிய வேண்டும். இதை நாம் கேள்விப்படாதவர்கள் இல்லை. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும்தான் எடுத்துப் பேசியது. அந்தத் தீர்ப்பால் எங்கள் பக்கத்து மாடு விடும் விழாக்களும் நின்றுபோய், பிறகு 2017இல் வந்த சட்டத்தால் திரும்பவும் நடந்தன. டீக்கடையில் அதைப் பற்றி விவாதித்த ஆட்களில் எத்தனை பேர் அதே அளவுகோலைக் கூண்டில் இருக்கும் நரிக்கு வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை. நானும் வைத்துப் பார்த்ததில்லை.

ஐந்தில் நாலை ஒரு நல்ல பூங்காவால் தந்துவிட முடியும். காட்டில்கூட இவ்வளவு கிடைக்காது. வேளாவேளைக்கு இறைச்சி, கால்நடை மருத்துவர், கோடையில் தண்ணீர்த் தொட்டி. சிக்கல், 'இயல்பானதைச் செய்வது' என்ற அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒரு சிறுத்தையைப் பார்த்தேன். கம்பி ஓரமாக ஏழெட்டு அடி நடக்கும், தலையை ஒரே மாதிரி வெட்டித் திரும்பும், திரும்பவும் ஏழெட்டு அடி. கால் பட்ட இடத்தில் மண் தேய்ந்து தடம் விழுந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் பையனிடம், "பார்றா, எவ்ளோ சுறுசுறுப்பு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது சுறுசுறுப்பு இல்லை. ஒரு நோக்கமும் இல்லாமல் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது, அடைபட்ட விலங்குகளிடம் காணப்படும் மன நெருக்கடியின் அடையாளம். யானை நின்ற இடத்திலேயே ஆடுவது, கரடி தலையை ஆட்டுவது, குரங்கு தன் முடியைத் தானே பிடுங்குவது எல்லாம் இந்த வகை. கோயில் யானை ஆடுவதைப் பார்த்து மேளத்துக்குத் தாளம் போடுகிறது என்று நாம் சொல்லிவந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எல்லா விலங்கும் இப்படிப் பாதிக்கப்படுவதில்லை. எது அதிகம் பாதிக்கப்படும் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்து 2003இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வேட்டையாட முடியாததால்தான் ஊனுண்ணிகள் தவிக்கின்றன என்று எல்லோரும் நினைத்திருக்க, காட்டில் எவ்வளவு பெரிய பரப்பில் சுற்றும் என்பதுதான் முக்கியம் என்று தெரிந்தது. அதிகம் சுற்றும் விலங்கு அடைப்பில் அதிகம் நடை போடுகிறது, அதன் குட்டிகளும் அதிகம் சாகின்றன. துருவக் கரடிக்குப் பூங்காக்களில் கிடைக்கும் இடம், அது காட்டில் சுற்றும் பரப்பில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் சொன்னால், ஒரு ஏக்கரில் வாழ்ந்த ஆளுக்கு இரண்டு குடியாத்தம் தீப்பெட்டியைப் படுக்க வைத்த அளவு இடம்.

யானைக் கணக்கு இன்னும் மோசம். 2008இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆசியப் பெண் யானைகளையும் மியான்மரில் மரம் இழுக்கும் பெண் யானைகளையும் ஒப்பிட்டது. பூங்காவில் பிறந்தவற்றின் இடைநிலை ஆயுள் 19 வருடம்கூட இல்லை. வெயிலில் மரம் இழுத்தவை 40ஐத் தாண்டின. உழைக்கிற யானை, உட்கார்ந்து சாப்பிடும் யானையைவிட இரண்டு மடங்கு வாழ்ந்திருக்கிறது. அடுத்த வருடமே, 2009இல், நம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் யானைகளைப் பூங்காக்களிலிருந்தும் சர்க்கஸ்களிலிருந்தும் முகாம்களுக்கு மாற்றச் சொன்னது. எந்த ஆணையம் இது என்று கேட்பவர்களுக்கு: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1992இல் அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாமல் இந்தியாவில் யாரும் பூங்கா நடத்த முடியாது.

ஆகவே 'ஜூ நல்லதா கெட்டதா' என்று மொத்தமாகக் கேட்பது அரைகுறைக் கேள்வி. எந்த விலங்குக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வெயிலில் வாய் பிளந்து மணிக்கணக்காகக் கிடக்கும் முதலைக்கு ஒரு குளமும் மணல் திட்டும் ஓரளவு போதும். யானைக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது. நடுவில் இருக்கும் விலங்குகளுக்கு நல்ல காப்பாளர்கள் ஏதாவது செய்து பார்க்கிறார்கள். சாப்பாட்டைத் தட்டில் வைக்காமல் மரப் பொந்தில் ஒளித்து வைப்பார்கள், ஏறுவதற்குக் கட்டை, ஊஞ்சல் போடுவார்கள், கோடையில் பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுப்பார்கள். தேடுவது, நோண்டுவது, ஏமாறுவது என்று நாளில் கொஞ்சம் வேலை இருந்தால் நடை குறைகிறது. முழுதாக நிற்பதில்லை.

ஒரு சின்ன இடைச்செருகல். கம்பிக் கூண்டுக்குப் பதில் அகழி வெட்டி, விலங்கு திறந்தவெளியில் இருப்பது போலக் காட்டும் முறையைப் பெரிதாகச் செய்து காட்டியவர் ஜெர்மனியின் கார்ல் ஹாகன்பெக். 1907இல் ஹாம்பர்க் நகருக்கு வெளியே அவர் திறந்த பூங்காவில் சிங்கத்துக்கும் மக்களுக்கும் நடுவில் கம்பியே கண்ணில் படாது. இன்று வண்டலூர் வரை அந்த வழிதான். விலங்குக்கு இடம் கூடியது, உண்மை. ஆனால் கம்பியைப் பார்த்தால் வரும் சங்கடம் நமக்குப் போய்விட்டது, அதுவும் உண்மை. அகழி என்பது எதற்கு வெட்டுவது என்று வேலூர்க்காரனிடம் யாரும் விளக்க வேண்டாம்.

சரி, இப்போது 'ஏன்'.

பூங்காக்கள் சொல்லும் காரணங்களில் மிகப் பழையது கல்வி. இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சி சாலை சென்னையுடையது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, மூர் மார்க்கெட் பக்கம் போய், 1985இல் வண்டலூரில் 602 ஹெக்டேருக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து பட்டணம் பார்க்கப் போனவர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும்தான் சொல்வார்கள். என் பாட்டி கடைசிவரை அப்படித்தான் சொன்னாள். காலேஜ் என்ற அந்தச் சொல்லே போதும், படிக்கிற இடம் என்று மக்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு. ஆனால் என்ன படித்தோம்? நடை போட்டுத் தவிக்கும் சிறுத்தையைப் பார்த்துச் சுறுசுறுப்பு என்று படித்தோம். கல்விக் காரணம் எனக்கு அவ்வளவு பிடிபடவில்லை. ஒரு பிள்ளை முதன்முறை புலியின் வாசனையை முகரும்போது ஏற்படும் சிலிர்ப்பு தொலைக்காட்சியில் வராது என்பதை மறுக்க மாட்டேன். அந்தச் சிலிர்ப்புக்காக ஒரு புலி ஆயுள் முழுக்க அங்கே இருக்க வேண்டுமா என்றால் தயங்குவேன்.

இனப் பாதுகாப்பு என்ற காரணம் வலுவானது. வளைகுடாவில் வேலை பார்த்த நம் பேரணாம்பட்டு, ஆம்பூர்க்காரர்களுக்கு அரேபிய ஓரிக்ஸைத் தெரிந்திருக்கும். நீளக் கொம்பும் வெள்ளை உடம்பும் கொண்ட மான் இனம். கத்தார் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் தலை நீட்டுவது அதுதான். வேட்டையாடியே அதை முடித்தார்கள். காட்டில் கடைசியாக இருந்தவை 1972இல் ஓமனில் கொல்லப்பட்டன. நல்லவேளை, பத்து வருடம் முன்பே யோசித்த சிலர், பிடித்தவற்றையும் மற்றவர்களிடம் இருந்தவற்றையும் சேர்த்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர மிருகக்காட்சி சாலையில் ஒரு மந்தையை வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த வழியில் பெருகியவை 1982இல் ஓமன் பாலைவனத்தில் திரும்ப விடப்பட்டன. இது ஆஸ்பத்திரிக் கதை. உள்ளே வந்தது, பிழைத்தது, டிஸ்சார்ஜ் ஆனது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1990களின் பாதியில் ஓமனில் திரும்பவும் திருட்டு வேட்டை. அங்கே ஓரிக்ஸுக்காக இருந்த காப்பகத்தின் பெரும்பகுதியை அரசே குறைத்துவிட, 2007இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து அதை நீக்கியது. அந்தப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கப்பட்ட இடம் அதுதான். மற்ற நாடுகளிலும் விட்டிருந்ததால் இனம் தப்பித்தது. விலங்கைக் கூண்டில் காப்பாற்றிவிட்டு, அது போக வேண்டிய காட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

நம் நாட்டுப் பாறு கழுகுகளும் இந்த வரிசைதான். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து லட்சக்கணக்கில் கொன்றது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஹரியானாவின் பிஞ்சோரில் பிடித்து வைத்து இனம் பெருக்கினார்கள். மருந்தைத் தடை செய்யாமல் பறவையை மட்டும் வளர்த்திருந்தால் வெளியே விட இடம் இருந்திருக்காது.

இப்போது வெள்ளைப் புலியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூங்காவிலும் கூட்டம் அதன் முன்னால்தான். அது தனி இனம் இல்லை, நிறம் மாறிப் பிறந்த வங்கப் புலி. 1951இல் ரேவா காட்டில் மோகன் என்ற குட்டி பிடிபட்டது. வெள்ளை நிறம் வர வேண்டும் என்பதற்காக மோகனை அதன் மகளோடே சேர்த்தார்கள். நெருங்கிய ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வளர்த்ததால் மாறுகண், எலும்புக் கோளாறு என்று பல குட்டிகள் கஷ்டப்பட்டன. இவற்றை எந்தக் காட்டிலும் விடப்போவதில்லை, விடவும் முடியாது. டிக்கெட் விற்கும் என்பதைத் தவிர அதற்கு அங்கே இருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. இது மகால் கதை. பராமரிப்பு ராஜோபசாரம்தான், ஆனால் யாருக்காக?

இந்த இரண்டுக்கும் நடுவே, எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கமான இன்னொரு வகை உண்டு. மீட்கப்பட்டவை. 2024 ஜூனில் திருப்பத்தூரில் ஒரு சிறுத்தை பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து, பிறகு பக்கத்தில் கார் நிறுத்தும் இடத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடிபட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்படிப் பிடிபடுவதை முடிந்தவரை காட்டில்தான் விட வேண்டும், விடுகிறார்கள். ஆனால் பொறியில் கால் போனது, பல் உடைந்து வேட்டையாட முடியாதது, தாயை இழந்து மனிதக் கையில் வளர்ந்த குட்டி, இவற்றுக்குக் காடு கிடையாது. கொல்ல வேண்டும், அல்லது ஆயுள் முழுக்க வைத்துக் காப்பாற்ற வேண்டும். வீட்டில் கூண்டுக்குள் வளர்க்கும் பச்சைக்கிளியும் இந்த வகைதான். (அதை வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்றால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்புவதில்லை.) குஞ்சிலேயே பிடித்து இறக்கையை வெட்டிய கிளியைப் பறிமுதல் செய்தால் அப்படியே பறக்கவிட முடியாது. இவற்றுக்கு ஒரு பூங்கா அடைக்கலம் தரும்போது நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். குட்டி போட வைக்காமல், கூட்டம் கூட்டிக் காட்டாமல் வைத்திருந்தால் இன்னும் சந்தோஷம்.

உரிமை பேசுபவர்கள் இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'நீங்கள் சொல்வது எல்லாம் நல்ல கூண்டைப் பற்றித்தானே' என்பார்கள். உணர்வுள்ள ஓர் உயிரை நம் நோக்கத்துக்குக் கருவியாக்கக் கூடாது, அது அந்த இனத்தைக் காப்பாற்றும் நோக்கமாகவே இருந்தாலும், என்பது அவர்கள் கட்சி. ஓரிக்ஸ் இனத்துக்கு நன்மை வந்தது, ஆனால் அடைபட்டே செத்துப்போன முதல் தலைமுறை ஓரிக்ஸுக்கு என்ன வந்தது? கஷ்டமான கேள்வி. இதை நீதிமன்றம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள், அதுவும் நமக்குத் தெரிந்த ஆட்கொணர்வு மனு வடிவத்தில். 2016இல் அர்ஜென்டினாவின் மெண்டோசா நீதிமன்றம் செசிலியா என்ற சிம்பன்சிக்காகப் போட்ட மனுவை ஏற்று, அதைப் பிரேசிலில் உள்ள சரணாலயத்துக்கு அனுப்பச் சொன்னது. 2022இல் நியூயார்க்கில் ஹேப்பி என்ற யானைக்குப் போட்ட மனுவோ ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. நான் முழுதாக அந்தக் கட்சியில் இல்லை. ஆனால் 'நல்லாத்தானே வெச்சிருக்கோம்' என்று யாராவது சொல்லும்போது, அது இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதில் என்பதை இவர்களால்தான் கவனிக்கப் பழகினேன்.

இனி அமிர்திக்கோ வண்டலூருக்கோ போனால் ஒரு அடைப்பு முன்னால் பத்து நிமிஷமாவது நின்று பாருங்கள். அது ஒரே தடத்தில் நடக்கிறதா, நம் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, தேடித் தின்ன ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒளிந்துகொண்டு கண்ணில் படவே இல்லை என்றால் டிக்கெட் காசு போச்சே என்று கத்த வேண்டாம், நல்ல அடைப்பு என்று அர்த்தம். காப்பாளரிடம் இது எங்கிருந்து வந்தது, திரும்பப் போகுமா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஆசையாகச் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர்கள் குறை. கல் எறிவது, கத்துவது, தீனி போடுவது எல்லாம் சட்டப்படி தண்டனைக்குரியவை, சிறை வரைக்கும் போகலாம்.

அன்றைக்கு மான் அடைப்பு முன்னால் நாங்கள் நின்றபோதே பக்கத்தில் ஒருவர் முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்துக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டிருந்தார். அக்கா மகள் என் சட்டையை இழுத்தாள். போடாதீங்கண்ணே, அதுக்கு ஒத்துக்காது என்றேன். "ஒண்ணும் ஆவாது சார்" என்றபடி பாக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அடுத்த அடைப்புக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். பாக்கெட் மறுபடி வெளியே வந்திருந்தது.